மாமா கொடுத்த பீப்பாய்

1994ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், போத்தனூர் ரயில்வே குடியிருப்பில், மாமா என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அட்டை கழன்று, முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டிய பழைய பிரதி. துப்பறியும் நாவலாசிரியர் ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் எழுதிய 'தி காஸ்க்', அதாவது பீப்பாய். மாமா பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறியது, எங்கே இறங்காமல் போனது என்பதை யோசித்துக்கொண்டிருப்பார். "படித்துப் பார். ஒரு பீப்பாய் எங்கெங்கே போனது என்பதுதான் கதை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவும் இல்லை. "இவரையெல்லாம் இப்போது யாரும் படிப்பதில்லை மாமா. மனிதர்களே இல்லாத எழுத்து" என்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் புத்தகத்தை வாங்கி, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே செருகிவைத்தார்.

நான் சொன்னது என் கருத்தே அல்ல. கிராஃப்ட்ஸின் ஒரு பக்கத்தைக்கூட நான் அதுவரை படித்ததில்லை. அது ஜூலியன் சைமன்ஸிடமிருந்து எடுத்துக்கொண்ட தீர்ப்பு. கல்லூரி நாட்களில் அவருடைய 'பிளடி மர்டர்' என்ற நூல் எனக்கு வழிகாட்டியாக இருந்தது. 1972இல் வந்த அந்த நூல், துப்பறியும் கதை எப்படிக் குற்ற நாவலாக வளர்ந்தது என்று சொல்லும் வரலாறு. அதை எழுதியவர் வெளியில் நின்று பேசிய விமர்சகர் அல்லர், தானே தேர்ந்த குற்ற நாவலாசிரியர். அதனால் அவர் படிக்கச் சொன்னதையெல்லாம் தேடிப் படித்தேன். பிரான்சிஸ் ஐல்ஸை அவர் வழியாகத்தான் அறிந்தேன். டாஷியல் ஹாமெட்டின் 'தி கிளாஸ் கீ' எவ்வளவு பெரிய நாவல் என்பதையும், பாட்ரிசியா ஹைஸ்மித்தை ஏன் அவசரமின்றிப் படிக்க வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். அந்தக் கடன் இன்றும் எனக்கு உண்டு. ஆனால் அதே நூலில் கிராஃப்ட்ஸ், ஜான் ரோட் போன்றவர்களை ஒரு கூடையில் போட்டு 'ஹம்ட்ரம்' என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டார். சப்பென்ற, உயிர்ப்பில்லாத, ஒரே தடத்தில் ஓடும் எழுத்து என்று பொருள். அந்த ஒற்றைச் சொல் அடுத்த பல பத்தாண்டுகள் அந்த எழுத்தாளர்கள் மீது ஒட்டிக்கொண்டது. புதிய வாசகர்கள் அவர்களைத் தொடாமல் கடந்து போனார்கள். நானும் கடந்து போனேன்.

ஒரு மர்ம நாவலாசிரியர் "இதைப் படியுங்கள்" என்று சொல்லும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதைவிடவும், அவர் "இதைப் படிக்க வேண்டாம்" என்று சொல்லும்போது எப்படி எடுத்துக்கொள்வது என்பது. கேள்வியைக் கிளப்பியவர் இன்னொரு மர்ம நாவலாசிரியர், மார்ட்டின் எட்வர்ட்ஸ்.

ஒரே நாற்காலி, மூன்று பட்டியல்கள்

லண்டனில் 1930இல் தொடங்கப்பட்ட, துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப்பைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். பின்னாளில் டோரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி எல்லோரும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். கிறிஸ்டி 1976இல் மறைந்த பிறகு அதில் அமர்ந்தவர் சைமன்ஸ். அவருக்கு அடுத்து 1985இல் எச்.ஆர்.எஃப். கீட்டிங் வந்தார். பம்பாய்க்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முதன்முதலாகப் போனாலும், 1964லேயே இன்ஸ்பெக்டர் கோட்டேயை அந்த நகரத் தெருக்களில் நடக்கவிட்டவர் அவர். அவருக்குப் பின் சைமன் பிரெட். 2015 முதல் எட்வர்ட்ஸ்.

இவர்களில் மூவர் ஆளுக்கொரு 'நூறு புத்தகப்' பட்டியல் போட்டிருக்கிறார்கள். சைமன்ஸ் 1950களின் இறுதியில் சண்டே டைம்ஸுக்காக நூறு சிறந்த குற்றக் கதைகளைத் தேர்ந்தெடுத்தார். கீட்டிங் 1987இல் எட்கர் ஆலன் போவில் தொடங்கி பி.டி. ஜேம்ஸில் முடியும் நூறு நூல்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எட்வர்ட்ஸ் 2017இல் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் நின்று நூறு நூல்களைப் பற்றிப் பேசினார். முதலிருவரும் 'சிறந்தவை' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார்கள். எட்வர்ட்ஸ் தன்னுடையது சிறந்த நூறின் பட்டியல் அல்ல என்று சொல்லி, இந்த நூறையும் வைத்து அந்த எழுத்து வகையின் கதையைச் சொல்ல முயன்றார். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். எனக்கு அது பெரிதாகப் பட்டது. 'சிறந்தவை' என்று தலைப்பு வைத்த நொடியே, உள்ளே வராத புத்தகங்கள் எல்லாம் தோற்றவை ஆகிவிடுகின்றன. கதை சொல்கிறேன் என்று உட்கார்ந்தவருக்கோ சின்ன ஆட்களும் வேண்டும். எட்வர்ட்ஸின் நூலில் வாழ்நாளில் ஒரே ஒரு குற்ற நாவல் மட்டும் எழுதிவிட்டுப் போனவர்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. சிறந்தவற்றின் பட்டியலில் அப்படி ஓர் அத்தியாயத்துக்கு இடம் ஏது?

எட்வர்ட்ஸும் சைமன்ஸை வாசித்து வளர்ந்தவர்தான், 'பிளடி மர்டர்' தன் வாசிப்பில் ஆழமாகப் பதிந்த நூல் என்று சொல்லியிருப்பவர். ஆசானைத் தாக்கவோ, அவர் சொன்னது தவறு என்று மேடை போட்டு முழங்கவோ அவர் முனையவில்லை. மறந்துபோன ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தூசி தட்டி, முன்னுரை எழுதி, மறுபடி அச்சுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் லைப்ரரி வெளியிடும் 'கிரைம் கிளாசிக்ஸ்' வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்துவிட்டன. அதன் ஆலோசகர் அவர். 1937இல் வெளிவந்து மறைந்துபோன ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜனின் 'மிஸ்ட்ரி இன் ஒயிட்' 2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தில் அப்படி விற்றது. பனியில் ரயில் நின்றுவிட, பயணிகள் இறங்கி நடந்து ஓர் ஆளில்லாத வீட்டை அடைகிறார்கள், அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருக்கிறது, இதுதான் தொடக்கம். ஆசிரியர் இறந்து அறுபதாண்டு ஆகப்போகும் நேரத்தில், எந்தத் திரைப்படத்தின் துணையும் இல்லாமல் அது வாசகர்களைச் சேர்த்தது. ஈ.சி.ஆர். லோராக் என்ற பெயரில் எழுதிய எடித் கரோலின் ரிவெட் 1958இல் மறைந்தார். அவர் வெளியிடாமல் விட்டுப்போன 'டூ-வே மர்டர்' இந்த வரிசையில் 2021இல் முதன்முறையாக அச்சேறியது. எழுதியவர் பார்க்காத புத்தகம். பரிந்துரை என்ற சொல்லுக்கு இவ்வளவு தூரம் கை நீளும் என்று நான் நினைத்ததில்லை.

சனிக்கிழமைச் சம்பளம்

அந்த வரிசையில்தான் மறுபடி கிராஃப்ட்ஸ் என் முன்னால் வந்து நின்றார். 1934இல் எழுதிய 'தி 12.30 ஃப்ரம் கிராய்டன்', எட்வர்ட்ஸின் முன்னுரையோடு 2016இல் மறுபதிப்பானது. சென்னையில் ஒரு கடையில் அதைக் கையில் எடுத்தபோது முதலில் தோன்றியது மாமாவின் முகம். திருப்பி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் போய் வாங்கினேன்.

கதை ஒரு சிறுமியின் முதல் விமானப் பயணத்தோடு தொடங்குகிறது. கிராய்டனிலிருந்து பாரிஸ். ஜன்னல் வழியே அவள் காணும் வயல்களும் கடலும், அவளுடைய பூரிப்பும் முதல் அத்தியாயம் முழுக்க. விமானம் இறங்கும்போது உடன் வந்த தாத்தா எழுந்திருக்கவில்லை. அடுத்த அத்தியாயத்திலேயே கிராஃப்ட்ஸ் பின்னோக்கிப் போய், கொலை செய்தவன் யார் என்று சொல்லிவிடுகிறார். அதனால் நானும் சொல்லலாம். அவன் பெயர் சார்ல்ஸ். வட இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் மின்மோட்டார் செய்யும் ஆலை நடத்துகிறவன். பெரும் மந்தத்தின் காலம். ஆர்டர் இல்லை. வங்கி கைவிரிக்கிறது. அந்தத் தாத்தாதான் அவனுடைய செல்வந்தரான மாமன்; உழைத்தால் எல்லாம் சரியாகும் என்று அறிவுரை சொல்கிறார், தேவையான பணத்தைக் கொடுக்க மறுக்கிறார். ஆலை இன்னும் எத்தனை வாரம் தாங்கும், தொழிலாளர்களுக்குச் சம்பளம் எதிலிருந்து, எந்த இயந்திரத்தை வாங்கினால் விலையைக் குறைக்க முடியும் என்று சார்ல்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். மூன்று லேத், ஆறு ஆட்கள், பம்ப்செட் மோட்டாருக்கான உதிரிபாகங்கள். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அது மூடப்பட்டது. மூடுவதற்கு முந்தைய ஓராண்டு எனக்கு வெள்ளிக்கிழமை இரவுகளாகத்தான் நினைவிருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளம். அப்பா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கூட்டுவார், அடிப்பார், மறுபடி கூட்டுவார். அந்த நோட்டில் புலம்பல் ஒரு வரி கிடையாது, எண்கள் மட்டுமே. ஆனால் அவர் மனத்தில் அப்போது இருந்தது முழுவதும் அந்த எண்களில் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். அவர் தட்டைப் பார்க்கமாட்டார், பென்சில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பார்.

கிராஃப்ட்ஸுக்கும் அது தெரிந்திருக்கிறது. சார்ல்ஸின் மனப் போராட்டத்தை அவர் பெரிய சொற்களில் எழுதுவதில்லை. கடனையும் இருப்பையும் எழுதுகிறார். பொறியாளர் கணக்குப் போடுவது போலவே அவன் கொலைக்கும் கணக்குப் போடத் தொடங்குகிறான். மாமன் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளும் அஜீரண மாத்திரைகள், அவற்றில் ஒன்றை மட்டும் விஷமாக்கிப் புட்டியின் அடியில் வைத்தால் எத்தனை நாளில் அவர் கைக்கு வரும், அதற்குள் தான் கப்பல் பயணத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கலாம். குளவிக்கூட்டை அழிக்க வேண்டும் என்று சொல்லி சயனைடு வாங்குகிறான். ஆலைக் கணக்குக்கும் கொலைக் கணக்குக்கும் நடுவே மொழியில் ஒரு மாற்றமும் இல்லை, அதே நிதானம், அதே துல்லியம். படிக்கப் படிக்க எனக்கு உடல் நடுங்கியது. மனிதர்களே இல்லாத எழுத்து என்று நான் மாமாவிடம் சொன்னது இதை எழுதியவரைப் பற்றி.

சைமன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பெழுதினார் என்று நான் சொல்லவில்லை. கிராஃப்ட்ஸின் வேறு சில நாவல்களைப் பிறகு படித்தேன். சிலவற்றில் அவருடைய துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் ஃபிரெஞ்ச் ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்குவது உண்மையாகவே அலுப்புத் தருகிறது. ஆனால் சைமன்ஸ் 1972இல் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது. புதிர் செத்துவிட்டது, இனி மனித மனம்தான் களம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையிலிருந்துதான் தன் நாவல்களை எழுதினார். 1957இல் வந்த அவருடைய 'தி கலர் ஆஃப் மர்டர்' அப்படிப்பட்ட ஒரு மனத்தின் கதை. தான் நடக்க ஒரு பாதை வேண்டியிருந்தது அவருக்கு. அந்தப் பாதை போட வேண்டிய இடத்தில் கிராஃப்ட்ஸின் வீடு நின்றுகொண்டிருந்தது. எழுதுகிறவன் வாசிக்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தான் எழுதப் போகும் புத்தகத்துக்குப் பக்கபலமாக நிற்பவற்றை அவன் நேசிக்கிறான், குறுக்கே நிற்பவற்றை நகர்த்துகிறான். அவனுக்கு அதைச் செய்ய உரிமை இருக்கிறது. எனக்கு அந்த உரிமை இல்லை, ஏனென்றால் நான் எந்த நாவலும் எழுதப் போவதில்லை. அவருடைய போரில் எனக்கு ஒரு வேலையும் இல்லாதபோது, அவருடைய எதிரியை நான் ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிரியாக வைத்திருந்தேன்?

ரேமண்ட் சாண்ட்லரை நினைத்துப் பார்க்கிறேன். 1944இல் ஆங்கிலப் புதிர்க் கதைகளை வெளுத்து வாங்கிய அவருடைய கட்டுரையில், கிராஃப்ட்ஸின் கட்டுமானத்தை மட்டும் பாராட்டி ஒரு வரி வருகிறது. ரொம்பவும் ஜோடிக்கப் போகாத வரைக்கும் எல்லோரிலும் உறுதியாகக் கட்டுபவர் அவரே என்று. சாண்ட்லர் எழுதிய நாவல்களுக்கும் கிராஃப்ட்ஸ் எழுதியவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனாரின் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையசைக்கிறார். அந்த ஒரு வரியை 1994இல் நான் படித்திருந்தேன். பாராட்டைக் கடந்து போய்விட்டேன். இகழ்ச்சிச் சொல் மட்டும் நினைவில் தங்கியது. அது ஒரு சொல்லாக இருந்ததால் சுமப்பது எளிதாக இருந்தது.

சொல்லாமல் சொல்வது

எட்வர்ட்ஸ் மட்டும் சார்பில்லாதவரா? அவரும் நாவலாசிரியர்தானே. 2015இல் டிடெக்‌ஷன் கிளப்பின் தொடக்க காலத்தைப் பற்றி 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் மர்டர்' எழுதினார். அதுவரை இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைக் களமாக வைத்துச் சமகாலக் கதைகள் எழுதிவந்தவர், 2018இல் 'காலோஸ் கோர்ட்' என்ற நாவலோடு 1930ஆம் ஆண்டு லண்டனுக்குள் போய்விட்டார். அந்தத் தொடரின் அடுத்த நாவல்களில் கடைசியில் ஒரு தடயப் பட்டியல் வருகிறது. எந்தத் தடயத்தை எந்தப் பக்கத்தில் உங்கள் கண் முன்னால் வைத்தேன் என்று பக்க எண்ணோடு காட்டும் பட்டியல். கிராஃப்ட்ஸ் 1933இல் 'தி ஹாக்ஸ் பேக் மிஸ்ட்ரி'யில் செய்து காட்டிய நேர்மை அது. ஆக, எட்வர்ட்ஸும் தனக்கு வேண்டிய கருவியைத் தேடித்தான் பழைய பெட்டிகளைத் திறந்தார். ஒரு வேறுபாடு உண்டு. அவர் திறந்த பெட்டியை நமக்கும் திறந்து வைத்தார். சைமன்ஸ் சில பெட்டிகளை மூடிப் பூட்டினார்.

அந்தோணி பெர்க்லியின் 'தி பாய்சன்டு சாக்லேட்ஸ் கேஸ்' 1929இல் வந்தது. ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆறு தீர்வுகள் சொல்லும் நாவல். கிறிஸ்டியானா பிராண்ட் 1979இல் அதற்கு ஏழாவது தீர்வு ஒன்றை எழுதினார். 2016 மறுபதிப்புக்கு எட்வர்ட்ஸ் தன் பங்குக்கு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார். இதைவிடச் சிறந்த முன்னுரை ஒரு மர்ம நாவலுக்கு எழுத முடியுமா என்று தெரியவில்லை. புத்தகத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு விலகாமல், உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தில் கலந்துகொள்கிறார்.

மர்ம நாவலைப் பரிந்துரைப்பது மற்ற எந்தப் புத்தகத்தைப் பரிந்துரைப்பதையும் விடக் கடினம். அதில் எது உயர்ந்ததோ அதைச் சொல்லவே முடியாது. ஒரு காதல் நாவலைப் பற்றிப் பேசும்போது நம்மை உலுக்கிய காட்சியைச் சொல்லிவிடலாம். இங்கே அந்தக் காட்சியைச் சொன்னால் புத்தகம் செத்துப்போகும். அதனால் பரிந்துரைப்பவர் சுற்றிச் சுற்றி வந்து களத்தைச் சொல்கிறார், ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்கிறார். கிராஃப்ட்ஸ் டப்ளினில் பிறந்து வட அயர்லாந்தில் ரயில்வே பொறியாளராக இருந்தவர் என்பதையும், நீண்ட நோயிலிருந்து தேறிவரும் நாட்களில் பொழுதைப் போக்குவதற்காக 'தி காஸ்க்' எழுதத் தொடங்கி அது 1920இல் வெளிவந்தது என்பதையும் சொல்கிறார். நடுவில் இருப்பதைத் தொடாமல் விடுகிறார். கேட்பவர் அந்த மௌனத்தை நம்பித்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வதற்கு எளிதாக இருப்பது இகழ்ச்சி மட்டுமே. அதற்கு எந்த ரகசியத்தையும் காக்க வேண்டியதில்லை.

"ஒரு பீப்பாய் எங்கெங்கே போனது என்பதுதான் கதை." மாமா சொன்னது அதற்கு மேல் சொல்ல முடியாததால்.

கடந்த தை மாதம் போத்தனூர் போயிருந்தேன். குடியிருப்பை விட்டு மாமா சொந்த வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எண்பத்து மூன்று வயது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் படிக்கிறார். 1994இல் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை, அல்லது நினைவில்லாதது போல் இருந்துவிட்டார். "காஸ்க் இருக்கிறதா மாமா?" என்று கேட்டேன். அலமாரியின் இரண்டாவது தட்டைக் கையால் காட்டினார்.

இப்போது அந்தப் பிரதி என் மேசையில் இருக்கிறது. பிரான்ஸின் ரூவானிலிருந்து லண்டன் துறைமுகத்துக்கு வந்த பீப்பாய் இறக்கும்போது நழுவி விழுகிறது. பலகை விட்ட இடத்திலிருந்து மரத்தூளும் தங்க நாணயங்களும் கொட்டுகின்றன. உள்ளே ஒரு பெண்ணின் விரல்கள். இதெல்லாம் முதல் சில பக்கங்களிலேயே நடந்துவிடுகிறது. பிறகு கப்பல், ரயில், வண்டி என்று பீப்பாயின் வழியெல்லாம் விசாரணை. ஓரங்களில் மாமாவின் பென்சில் எழுத்து. தேதிகள், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம். ஓரிடத்தில் "ரசீதில் கையெழுத்து யாருடையது?" என்று எழுதிக் கோடிட்டிருக்கிறார். போத்தனூர் பார்சல் ஆபீஸில் அவர் தினமும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்தப் பென்சில் குறிப்புகள் நூலின் கடைசி மூன்றிலொரு பங்கில் திடீரென்று நின்றுவிடுகின்றன. அவர் விடையைக் கண்டுபிடித்துவிட்டாரா, அல்லது கதையின் வேகத்தில் பென்சிலை மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. நேற்று இரவு தொலைபேசியில் கேட்டேன்.

"எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?" என்றார்.

சொன்னேன்.

"இன்னும் இருக்கிறது. படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.